ஒரு டிக்கெட்டுக்கு இருபத்தேழு கேள்வி

ரயில் முன்பதிவுக் கணினியைப் புதுப்பிப்பது பற்றி ரயில்வே அமைச்சகம் 2025 ஜூன் கடைசியில் இரண்டு எண்களைச் சொன்னது. புதிய முறை நிமிடத்துக்கு 1.5 லட்சம் டிக்கெட் போடும். நிமிடத்துக்கு 40 லட்சம் விசாரணைக்குப் பதில் சொல்லும். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அந்த ஒன்றரை லட்சம்தான். எனக்கு இரண்டையும் வகுத்தால் கிடைக்கும் மூன்றாவது எண்ணின் மேல்தான் ஆசை: 26.7. ஒரு டிக்கெட் விற்க ஏறக்குறைய இருபத்தேழு கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்று ரயில்வேயின் பொறியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நோணாங்குப்பத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டினால் சுண்ணாம்பாறு, அதன் கரையில் படகுத்துறை, படகேறினால் பாரடைஸ் பீச். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு துறையில் டிக்கெட் கொடுக்க ஒரே ஜன்னல்தான் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் காசை நீட்டுகிறார். மற்ற இருபத்தாறு பேரும் அடுத்த படகு எப்போது, குழந்தைக்கு அரை டிக்கெட் உண்டா, திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காசோடு நிற்பவர் அவர்களுக்குப் பின்னால் வெயிலில் காய்கிறார். ஜன்னலுக்கு உள்ளே இன்னும் இரண்டு ஆளைப் போட்டு உட்கார வைப்பது ஒரு வழி. கேள்விக்குப் பதில் சொல்ல வெளியே தனியாக ஒரு பலகை மாட்டி, ஜன்னலை விற்பனைக்கு மட்டும் விடுவது இன்னொரு வழி. மென்பொருள்காரர்கள் மோனோலித்தை, அதாவது எல்லா வேலையும் ஒன்றாக ஓடும் ஒற்றை மென்பொருளை, பிரிப்பது என்று சொல்வதும், லட்சக்கணக்கில் செலவழிப்பதும், பாதி நேரம் தவறான இடத்தில் வெட்டுவதும் இந்த இரண்டாவது வழியைத்தான்.

அந்த 26.7 திடீரென்று முளைத்த எண் அல்ல. ரயில்வேயின் பழைய எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஒரு போக்கு தெரியும்.

2014க்கு முன்: நிமிடத்துக்கு 2,000 டிக்கெட், விநாடிக்கு 1,000 விசாரணை, அதாவது நிமிடத்துக்கு 60,000. விகிதம் 30.
2014 ஏப்ரல் 28க்குப் பின்: நிமிடத்துக்கு 7,200 டிக்கெட், விநாடிக்கு 3,000 விசாரணை, நிமிடத்துக்கு 1,80,000. விகிதம் 25.
2025 ஜூனில் இருந்தது: நிமிடத்துக்கு 32,000 டிக்கெட், 4 லட்சம் விசாரணை. விகிதம் 12.5.
2025 ஜூனில் அறிவித்தது: நிமிடத்துக்கு 1.5 லட்சம் டிக்கெட். 40 லட்சம் விசாரணை. விகிதம் 26.7.

மூன்றாவது வரியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் சொன்ன பதிலில் அப்போதைய திறன் நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட் என்று இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் விகிதம் 16. எதை எடுத்தாலும் அந்த வரிதான் மற்ற மூன்றையும்விடக் கீழே. 32,000 என்றே கொண்டால், விற்கும் திறன் பதினோரு ஆண்டில் நாலு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. பதில் சொல்லும் திறன் இரண்டேகால் மடங்குதான். தட்கல் நேரத்தில் டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்பது இருக்கட்டும், இடம் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததே, அதற்கு விடை இந்த 12.5இல் இருக்கிறது என்பது என் கணிப்பு. புதிய திட்டம் விற்பனையை ஐந்து மடங்குக்கும் கீழே உயர்த்துகிறது, விசாரணையைப் பத்து மடங்காக்குகிறது. விகிதத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறார்கள்.

இந்த முறையின் வயதையும் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் கணினி முன்பதிவுக்கான முதல் முயற்சி 1985இல். ரயில்வேயின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ள கிரிஸ் என்ற ரயில்வே தகவல் அமைப்பு மையம் 1986இல் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து ஊரில் ஐந்து தனித்தனிக் கணினிகள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து முடித்தது 1999இல். இணையத்தில் டிக்கெட் விற்க ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கியது 2002 ஆகஸ்ட் 3ஆம் தேதி. முதல் நாள் விற்றது முப்பதுக்கும் குறைவு. அந்த டிக்கெட்டும் கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. வாசலில் புதுப் பலகை தொங்கினாலும் கேள்வி, பதில், விற்பனை எல்லாம் கடைசியில் போய் நிற்கும் இடம் அந்தப் பழைய முன்பதிவுக் கணினிதான். 2025இல் இருந்தது 2010இல் நிறுவப்பட்டது, இட்டானியம் சர்வரில் ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் ஓடியது. இட்டானியம் தயாரிப்பையே இன்டெல் நிறுத்திவிட்டது. உதிரி பாகம் நின்றுபோன வண்டியில் ஊரையே ஏற்றிக்கொண்டு போவதன் செலவு எந்தக் கணக்கிலும் தனி வரியாக வராது.

2014இல் கிரிஸ் செய்த மாற்றம்தான் இந்தக் கட்டுரைக்கு நெருங்கிய சங்கதி. பழைய மையக் கணினியை அவர்கள் தொடவில்லை. அதற்கு முன்னால் நிற்கும் இணையதளத்தைத் தனியாகப் புதிதாக எழுதினார்கள். ஜெம்ஃபயர் என்ற மென்பொருளைக் கொண்டு, அடிக்கடி கேட்கப்படும் தரவை டிஸ்க்கில் தேடாமல் பல சர்வர்களின் நினைவகத்தில் வைத்தார்கள். இந்த வித்தியாசத்தின் அளவைக் கூகுளின் ஜெஃப் டீன் பொறியாளர்களுக்காகப் போட்ட பிரபலமான பட்டியலிலிருந்து எடுக்கலாம்: நினைவகத்தில் ஒரு தரவைத் தொட 100 நேனோவிநாடி, சுழலும் டிஸ்க்கில் ஒரு இடத்தைத் தேட 1 கோடி நேனோவிநாடி. ஒன்றுக்கு ஒரு லட்சம். இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு முதல் முறையும், விற்பனைக்கு இரண்டாவது முறையும் போதும் என்று பிரித்தால் கணக்கு எவ்வளவு மாறும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மாறியது. நிமிடத்துக்கு 2,000 என்பது 7,200 ஆனது, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்கள் 40,000லிருந்து 1,20,000 ஆனார்கள். ஆனால் இந்த இரண்டையும் வகுத்துப் பார்த்தால் வேறு கதை. முன்பு 40,000 பேரும் வாங்க நினைத்தால் கடைசி ஆளுக்கு 20 நிமிடம். மாற்றத்துக்குப் பின் 1,20,000 பேரும் வாங்க நினைத்தால் 16 நிமிடம் 40 விநாடி. கணினி மூன்றரை மடங்கு வேகம், காத்திருப்பு ஆறில் ஒரு பங்குதான் குறைவு. கதவை அகலப்படுத்தினால் அதற்கேற்ற கூட்டம் வந்துவிடும். இதனால்தான் நிமிடத்துக்கு இத்தனை டிக்கெட் என்ற ஒற்றை எண்ணை நம்பி எந்தத் திட்டத்தையும் மெச்சக் கூடாது என்கிறேன்.

கேள்விகள் விற்பனையைவிட வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கு அன்றாடக் கணக்கே சாட்சி. 2023-24இல் நாளொன்றுக்குச் சராசரியாக 69.08 லட்சம் லாகின், சுமார் 12.4 லட்சம் டிக்கெட். ஒரு டிக்கெட்டுக்கு 5.6 லாகின். 2024-25இல் லாகின் 82.57 லட்சமாக, 19.53 சதவீதம் ஏறியது. டிக்கெட் 11.85 சதவீதம்தான் ஏறியது. ஆக, ஒரு டிக்கெட்டுக்குச் சுமார் 6 லாகின். ஒரே ஆண்டில் ஒவ்வொரு டிக்கெட்டும் ஏழு சதவீதம் கூடுதல் சுமையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

வரவுப் பக்கம் பாருங்கள். யு.பி.ஐ.யில் பணம் கட்டி ஏ.சி. இல்லாத வகுப்பில் வாங்கும் இ-டிக்கெட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யின் வசதிக் கட்டணம் 10 ரூபாய், ஏ.சி. வகுப்புக்கு 20. மற்ற வழிகளில் கட்டினால் 15, 30. இதன்மேல் ஜி.எஸ்.டி. 2019 செப்டம்பர் 1 முதல் இந்த விகிதம். தலைக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் போனாலும் அதே பத்து ரூபாய். பத்து ரூபாயை ஆறு லாகினுக்குப் பங்கிட்டால் லாகினுக்கு ரூ.1.67. திட்டமிட்ட 26.7 கேள்விக்குப் பங்கிட்டால் கேள்விக்கு 37 பைசா. 2016 நவம்பர் 23 முதல் 2019 ஆகஸ்ட் முடிய இந்தக் கட்டணமே கிடையாது. அந்த இரண்டே முக்கால் ஆண்டில் கேள்விக்குப் பயணியிடமிருந்து கிடைத்தது பூஜ்யம் பைசா. கேள்வி கேட்பவர் காசு கொடுப்பதில்லை, டிக்கெட் வாங்குபவர்தான் எல்லாக் கேள்விக்குமாகச் சேர்த்துக் கொடுக்கிறார். அதனால் ஒரு கேள்விக்கான அடக்கவிலையைக் குறைப்பதுதான் முதல் வேலை.

அந்தக் குறைப்பு எங்கே நடந்தது என்பதற்கு 2025 ஜூனில் ரயில்வே தந்த இன்னும் சில எண்கள் உதவும். படம், எழுத்துரு, பக்க அமைப்பு போன்று ஆளுக்கு ஆள் மாறாத சரக்கில் 87 சதவீதம் இப்போது சி.டி.என். என்ற இடைநிலைச் சர்வர்களிலிருந்தே போய்விடுகிறது. நூறு கோப்பு கேட்டால் 13 மட்டும்தான் மூலச் சர்வருக்கு வருகிறது. அந்தப் பக்கத்துச் சுமை எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு இறங்கியது. மென்பொருளின் உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் பிரித்தெடுக்கக்கூடிய முதல் துண்டு இதுதான், எப்போதும் மிகவும் மலிவான துண்டும் இதுதான்.

அடுத்தது யந்திரங்கள். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம்வரை பாட் எனப்படும் தானியங்கி நிரல்களுடையவையாக இருந்தன. ஆளுக்காகக் கட்டிய சர்வரில் பாதியை ஆளே இல்லாத கூட்டம் தின்றது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகளை முடக்கினார்கள். முயற்சிக்கும் வெற்றிக்கும் உள்ள விகிதம் 2024 அக்டோபரில் 43.1 சதவீதம், 2025 மேயில் 62.2 சதவீதம். இதைத் திருப்பிப் போட்டால் சுமை தெரியும்: முன்பு ஒரு டிக்கெட்டுக்கு 2.32 முயற்சி, பின்பு 1.61. நாளுக்குச் சுமார் 13.85 லட்சம் டிக்கெட் என்று கொண்டு, இதே விகிதம் நாள் முழுதுக்கும் பொருந்துமானால், முயற்சிகள் 32 லட்சத்திலிருந்து 22 லட்சத்துக்கு இறங்கியிருக்கும். பத்து லட்சம் முயற்சி, ஒவ்வொரு நாளும், புதுச் சர்வர் வாங்காமலே போயிற்று. ஒரு தடவை சரியாக முடிந்த வேலைதான் உலகத்திலேயே மலிவான வேலை.

உச்ச நிமிடத்தையும் ஒருமுறை அளந்துவிடலாம். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் போட்டார்கள், அதுவரை அதுவே அதிகபட்சம். விநாடிக்கு 530. நாளுக்கு 13.85 லட்சம் என்பதை 1,440 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 962. உச்சம் சராசரியைப் போல 33 மடங்கு. காலை 10 மணிக்கு ஏ.சி. தட்கல், 11 மணிக்கு மற்ற வகுப்புகளின் தட்கல். இந்த இரண்டு பொழுதுக்காக வாங்கிய யந்திரம் மீதி நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது. ரயில்வேயில் நாளுக்கு இரண்டு பொழுது என்றால், சுற்றுலா ஊரில் வாரத்துக்கு ஒரு ஞாயிறு.

இனி நோணாங்குப்பத்துக் கணக்கு. இங்கே வரும் எண்கள் எந்தக் கடையின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வாடகை விகிதங்கள் மட்டும் பட்டியல் விலை. சுண்ணாம்பாற்றங்கரையில் அறையும் படகுச் சவாரியும் சேர்த்து விற்கும் ஒரு சிறு நிறுவனம். மாதம் 6,000 முன்பதிவு. ரயில்வே விகிதப்படியே ஒன்றுக்கு 27 கேள்வி என்றால் மாதம் 1,62,000 பக்கப் பார்வை. அறை, படகு, கணக்கு, சம்பளம், ரசீது எல்லாம் ஒரே மென்பொருள், ஒரே டேட்டாபேஸ். ஒரு பக்கத்தைத் தயாரிக்கச் சர்வருக்கு 1.2 விநாடி. பக்கத்தின் எடை 3 எம்.பி., அதில் பெரும்பகுதி ஆற்றையும் அலையையும் மொபைலில் எடுத்து அப்படியே ஏற்றிய படங்கள்.

மாதச் சராசரி பார்த்தால் சிரிப்பு வரும். 1,62,000 பார்வை, ஒவ்வொன்றுக்கும் 1.2 விநாடி, மொத்தம் 54 மணி நேரம். மாதத்துக்கு 720 மணி. இரண்டு செயலி உள்ள சர்வரில் நாலு சதவீதம்கூட உழைப்பில்லை. சராசரியைப் பார்த்துச் சர்வர் வாங்கியவர் தூங்கலாம், ஞாயிறு வரும்வரை.

பாதிப் பார்வைகள் நாலு ஞாயிறுகளில் விழுகின்றன, அதிலும் பாதி காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் என்று கொள்வோம். ஒரு ஞாயிறுக்கு 20,250 பார்வை. அந்த இரண்டு மணியில் 10,125. விநாடிக்கு 1.41. ஒவ்வொன்றும் 1.2 விநாடி பிடிப்பதால் 1.69 செயலிக்கு ஓயாத வேலை. இருப்பது இரண்டு. 84 சதவீதம் நிறைந்திருக்கிறது, இன்னும் 16 சதவீதம் காலி என்று தோன்றும். தோன்றுவது தவறு என்று நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு போதும் என்று கணக்கிட்டு 1909இலும் 1917இலும் கட்டுரைகள் எழுதினார். ஆட்கள் சீராக வருவதில்லை, கும்பலாக வருகிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். அவர் தொடங்கிவைத்த கணக்குப்படி இரண்டு செயலி 84 சதவீதம் நிறைந்தால் 1.2 விநாடிப் பக்கம் சராசரியாக 4.2 விநாடியில் வரும்.

இதே ஞாயிறு ஒரு பொங்கல் விடுமுறையில் விழுகிறது, கூட்டம் 15 சதவீதம் கூடுகிறது. நிறைவு 97 சதவீதம். பக்கம் வர 20.5 விநாடி. கூட்டம் 15 சதவீதம்தான் கூடியது, காத்திருப்பு ஐந்து மடங்கு. கூட்டம் 18.5 சதவீதம் கூடினால் செயலி இரண்டும் முழுக்க நிறைந்து, வரிசைக்கு முடிவே இல்லை. வாடிக்கையாளர் போன் போட்டு "என்ன தம்பி, உங்க சைட்டே தொறக்க மாட்டேங்குது" என்பார். ஓனர் டெவலப்பரைக் கூப்பிடுவார். டெவலப்பர் சரிபார்த்து, "அண்ணே, நேத்து நல்லா ஓடுச்சே" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. 2016இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், மொபைலில் 3 விநாடிக்கு மேல் எடுத்த பக்கங்களை 53 சதவீத வருகையாளர் விட்டுப்போனார்கள். நம் கணக்கில் சாதாரண ஞாயிறே 4.2.

மூன்று வழிகளுக்கும் விலை போடுவோம். டாலர் 85 ரூபாய் என்று கொள்கிறேன்.

பெரிய சர்வர். அமேசானின் மும்பை மையத்தில் இரண்டு செயலி, 8 ஜி.பி. நினைவகம் உள்ள டி3.லார்ஜ் மணிக்கு 0.0896 டாலர், மாதம் ரூ.5,483. நாலு செயலி உள்ளது அதன் இருமடங்கு. ஆக, மாதம் ரூ.5,483 கூடுதல். ஞாயிற்றுக்கிழமை 4.2 விநாடி 1.3 விநாடியாகிவிடும். ஒரு வரி நிரலும் எழுத வேண்டாம்.

துடைப்பு வேலை. படங்களைச் சுருக்கிப் பக்கத்தை 300 கே.பி.க்குக் கொண்டுவர இரண்டு நாள்; இடம் இருக்கிறதா என்ற பதிலை 30 விநாடிக்குக் கேஷில், அதாவது தயாராக நினைவகத்தில், வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு நாள். டெவலப்பர் சம்பளம் மாதம் 60,000 என்று வைத்தால் நாளுக்கு 2,500, மொத்தம் 10,000 ரூபாய். 3 எம்.பி. பக்கத்தில் மாதம் 486 ஜி.பி. வெளியே போகும், இலவச 100 ஜி.பி. போக மீதிக்கு ஜி.பி. 0.1093 டாலர் வீதம் ரூ.3,586. சுருக்கிய பின் 48.6 ஜி.பி., இலவச அளவுக்குள்ளேயே அடங்கும், பூஜ்யம். மூன்றே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். கேஷின் பலன் இதைவிடப் பெரிது: 30 விநாடியில் சராசரியாக 42 பேர் கேட்கிறார்கள், எல்லோரும் அன்றைய நாளைத்தான் கேட்கிறார்கள் என்றால் 42 தடவைக்குப் பதில் ஒரு தடவை கணக்கிட்டால் போதும்.

பிரிப்பு. விசாரணைப் பக்கத்தை மட்டும் வெளியே எடுத்துத் தனி ஆப்பாக எழுத ஒருவருக்கு இரண்டு மாதம், ரூ.1,20,000. ஒரு பதிலுக்கு 0.02 விநாடி போதும். உச்ச நேரத்திலும் ஒரு செயலியில் மூன்று சதவீதம் நிறையாது. அழகான எண். ஆனால் அது மிச்சப்படுத்துவது பெரிய சர்வருக்கான மாதம் ரூ.5,483. படங்களைச் சுருக்கிய மிச்சத்தைப் பிரிப்பின் கணக்கில் எழுதக் கூடாது, அது துடைப்பு வேலையின் வரவு. எனவே போட்ட காசு திரும்ப 22 மாதம். பராமரிப்பைச் சேர்த்தால் இன்னும் மேலே. இந்த அளவு வியாபாரத்துக்கு மைக்ரோசர்வீஸ், அதாவது சின்னச் சின்னத் தனி மென்பொருள்கள், என்று யாராவது மதிப்பீட்டுத் தாள் நீட்டினால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

எப்போது கணக்கு திரும்பும்? வியாபாரம் பத்து மடங்காகும்போது. உச்ச நேரத்தில் விநாடிக்கு 14 கேள்வி, 1.2 விநாடி வீதம் 16.9 செயலிக்கு வேலை. அதில் பாதி கேஷால் தீராதது: என் முன்பதிவு என்ன ஆயிற்று, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், ரசீது எங்கே என்று ஆளுக்கு ஆள் மாறும் கேள்விகள். அந்தப் பாதிக்கே 70 சதவீத நிறைவில் 12 செயலி, ஆறு சர்வர், மாதம் 32,900 ரூபாய். பிரித்தால் விற்பனைக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என இரண்டு போதும். மாதம் ரூ.21,900 மிச்சம், ஐந்தரை மாதத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கைக்கு வந்துவிடும். அதே நிரல், அதே டெவலப்பர், அதே இரண்டு மாத வேலை. மாறியது கூட்டம்தான்.

பிரிப்பதற்கு இன்னொரு செலவு உண்டு, அதை மதிப்பீட்டுத் தாளில் யாரும் எழுதுவதில்லை. ஒரே மென்பொருளுக்குள் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிடுவது நேனோவிநாடிக் கணக்கு. பிரித்துத் தனிச் சர்வரில் வைத்தால் ஒரே கட்டடத்துக்குள்ளேயே போய்வர அரை மில்லிவிநாடி என்கிறது டீனின் அதே பட்டியல். ஒரு பக்கத்துக்கு நாற்பது தடவை போய்வந்தால் 20 மில்லிவிநாடி, அதாவது நாம் பிரித்து வாங்கிய 0.02 விநாடி முழுவதும் வழியிலேயே போயிற்று. நம்பகமும் தேயும். ஒரு பகுதி 99.9 சதவீத நேரம் உயிரோடிருந்தால் மாதத்தில் 43 நிமிடம் படுக்கும். அப்படி ஐந்து பகுதிகள் ஒன்றையொன்று நம்பி நின்றால் மொத்தத்தில் 99.5 சதவீதம், மாதத்தில் 3 மணி 36 நிமிடம். டீனும் கூகுளின் இன்னொரு பொறியாளர் பரோஸோவும் 2013இல் எழுதிய கட்டுரையின் கணக்கு இன்னும் கடுமை: நூறில் ஒரு பதிலுக்கு மட்டும் ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும் சர்வர்கள் நூறைக் கேட்டுத்தான் ஒரு பக்கம் முடியும் என்றால், நூறு பக்கத்தில் 63 ஒரு விநாடியைத் தாண்டும்.

இதனால் பின்வாங்கியவர்கள் சின்ன ஆட்கள் அல்லர். செக்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 140க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்திருந்ததை மறுபடி ஒன்றாக்கி, அந்தக் கதையை 2018இல் எழுதியது. துண்டுகளாக இருந்தபோது பொது நிரல்தொகுப்புகளில் ஓராண்டில் செய்ய முடிந்த மேம்பாடு 32, ஒன்றான பின் 46. அமேசான் பிரைம் வீடியோவின் தரக்கண்காணிப்புக் குழு 2023இல் சொன்னது இன்னும் காரம்: துண்டுதுண்டாகக் கட்டிய முறை எதிர்பார்த்த சுமையில் 5 சதவீதத்திலேயே முட்டி நின்றது. ஒன்றாக்கியபின் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. துண்டு போட்டு விற்கும் கடையின் சொந்தப் பிள்ளையே இப்படிச் சொன்னது.

ரயில்வேயும் ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே மறுபக்கம் சேர்க்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கான யு.டி.எஸ். ஆப்பை 2014 டிசம்பரில் மும்பையில் தனியாக விட்டார்கள். பிறகு அதற்கு ஒன்று, இதற்கு ஒன்று என ஆப்கள் பெருகின. 2025 ஜூலை 1 அன்று, கிரிஸின் நாற்பதாவது நிறுவன நாளில், ரயில்ஒன் என்ற ஒரே ஆப்பில் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். இதில் முரண் இல்லை. பயணிக்குத் தெரியும் முகம் ஒன்றாகலாம், பின்னால் சுமையைத் தாங்கும் தூண்கள் தனித்தனியாக நிற்கலாம். பிரிக்க வேண்டியது சுமை.

எதைப் பிரித்தாலும் இருப்புப் பேரேட்டைப் பிரிக்கக் கூடாது. எஸ்-5 பெட்டியில் 32ஆம் இருக்கை ஒன்றே ஒன்று. மூன்று மணிப் படகில் பன்னிரண்டாவது இடமும் அப்படித்தான். கேள்விக்கு 30 விநாடி பழைய பதில் சொல்லலாம், "இருக்கிறது" என்று பார்த்தவர் பணம் கட்டப் போகும்போது "போய்விட்டது" என்றால் முனகுவார், அவ்வளவுதான். அதே இடத்தை இரண்டு பேருக்கு விற்றுவிட்டால் சுண்ணாம்பாற்றுக் கரையில் சட்டையைப் பிடிப்பார்கள். 27 கேள்வியும் எந்தச் சர்வரில் வேண்டுமானாலும் ஓடட்டும், கடைசி ஒரு விற்பனை ஒரே டேட்டாபேஸில், ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும்.

நோணாங்குப்பத்திலோ அரியாங்குப்பத்திலோ அறையும் படகும் இணையத்தில் விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் பணம் பேசும் முன்னால் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஒரு முன்பதிவுக்கு எத்தனை பக்கப் பார்வை, ஞாயிறு காலை உச்ச நேரத்தில் விநாடிக்கு எத்தனை, ஒரு பக்கத்துக்குச் சர்வர் எடுக்கும் நேரம் எவ்வளவு. மூன்றும் உங்கள் சர்வரின் பதிவுக் கோப்பிலேயே கிடக்கின்றன. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி வரும் எண், உங்களிடம் உள்ள செயலிகளின் எண்ணிக்கையில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் படங்களைச் சுருக்கிவிட்டு, கேஷ் போட்டுவிட்டு, வந்தவருக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள்.